கோவில் மணி என்று நீ சொன்ன சத்தம்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை. அதற்குப் பிறகுதான் உன் கையெழுத்து. வழக்கம்போல் அன்பாக ஒரு வார்த்தை போட்டுத் தொடங்கலாம் என்று பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி உனக்காக அழுதேன். கடைசி மூன்று வாரமாக உன்மேல் கோபத்தில் இருக்கிறேன். செத்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். உன் விஷயத்தில் அந்தச் சலுகையைக் கொடுப்பதாக இல்லை.

பெட்டியை அனுப்பியது உன் மகள் ஜெனி. நியூ ஜெர்சியில் உங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறாளாம். ஷூ வாங்கிய பழைய அட்டைப்பெட்டி, உள்ளே முழுக்க பேஸ்பால் ஸ்கோர் அட்டைகள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய பழைய அட்டைகள் என்று நினைத்து, குடித்துக்கொண்டிருந்த காபியைத் தள்ளி வைத்துவிட்டு டைனிங் டேபிள் முழுக்கப் பரப்பினேன். பரப்பிய பிறகுதான் அட்டைகளின் நிறம் கண்ணில் பட்டது. அது நம் அணியின் நிறம் இல்லை. நம் ஆட்டக்காரன் நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்த அணியின் நிறம். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் உன் கையால் எழுதிய தேதி. எல்லாமே நாம் அவனோடு காய் விட்ட பிறகு வந்த வருடங்கள்.

காபி ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாள் உனக்கு நினைவிருக்கும். நம் இரண்டு பேருடைய கணவர்களும் சான்டா கிளாராவில் ஒரே கம்பெனி. குடும்பத்தோடு பேஸ்பால் பார்க்க அழைத்துப்போகிறோம் என்று ரயிலேற்றி, வளைகுடா ஓரத்து ஸ்டேடியத்தின் மேல்தட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜூலை மாதம் என்று நம்பி நான் காட்டன் சுடிதாரில் வந்திருந்தேன். கடல் காற்று எலும்புக்குள் புகுந்தது. ஆண்கள் அத்தனை பேரும் சாப்பாடு வாங்கப் போகிற சாக்கில் கூட்டமாக நின்று ஆபீஸ் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நீ பக்கத்து இருக்கையிலிருந்து உன் சால்வையின் பாதியை என் மடியில் போட்டாய். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "மக்ரூன். எங்க அம்மா தூத்துக்குடியில இருந்து குடுத்து விட்டது. குளிருக்கு இனிப்பு நல்லது, சாப்பிடு" என்றாய். குளிருக்கு இனிப்பு நல்லது என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்குத்தான் அவனும் அந்த மைதானத்தில் முதல்முறை ஆட வந்தான். கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்த ஒல்லிப் பையன், நம் சித்தி மகனைப்போல முகம். மட்டை பிடிக்க வந்ததும் மூன்று முறை தரையில் தட்டினான். பந்தை அடித்தான், மட்டையைக் கீழே போட்டான், ஓடினான். நமக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். நீ எழுந்து நின்று கத்தினாய்: "ஏட்டி, மட்டையக் கீழ போட்டுட்டு ஓடுதான் பாரு! ரன் அவுட் ஆயிருவான்ட்டி!" நானும் எழுந்து, "டேய் தம்பி, மட்டைய போடாதடா!" என்று கத்தினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டுமாம்; அவன் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தான். நாம் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அன்றிலிருந்து அவன் பெயர் தம்பி. அவனுடைய சொந்தப் பெயரை நாம் இரண்டு பேரும் சொன்னதே இல்லை.

எச்-ஃபோர் விசாவில் வந்த நமக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. நீ தூத்துக்குடியில் கெமிஸ்ட்ரி லெக்சரர், நான் சென்னையில் பேங்க் ஆபீஸர். இங்கே வந்து இரண்டு பேரும் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தோம். புதன்கிழமை மதிய ஆட்டங்கள்தான் நம்மைக் காப்பாற்றின. குழந்தைகள் பிறக்கும்வரை தனியாக, பிறந்த பிறகு ஸ்ட்ரோலரோடு. மங்கி கேப்பும் சால்வையும் போட்டுக்கொண்டு, ஃபாயிலில் சுற்றிய லெமன் சாதத்தோடு நாம் ரயிலேறிப் போனது நம் கணவர்களுக்கே வேடிக்கை. ஆனால் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒரு காரணம் நமக்கு இருந்தது. அவனும் நம்மைப்போல வந்தவன். டிவி பேட்டியில் அவன் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார். கேள்வி இவனிடம், பதில் அவரிடமிருந்து. "நம்ம வீட்டுக்காரங்களும் இப்படித்தான்ட்டி, நம்மகிட்ட கேட்டா அவங்க பதில் சொல்லுதாங்க" என்றாய் நீ. அவன் முதன்முதலாக மைக்கைத் தானே வாங்கி உடைந்த ஆங்கிலத்தில் பேசிய வாரம் நீ டிரைவிங் லைசென்ஸ் வாங்கினாய். அவனைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்று சொன்னாய். நான் நம்பினேன். உன் வாயிலிருந்து வந்த எதையும் நான் நம்பாமல் இருந்ததில்லை, அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

ஸ்கோர் அட்டை எழுதுவதைப் பக்கத்து இருக்கைக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். அவர்களுடைய குறிகள் நமக்கு ஒத்துவரவில்லை. நாமே வைத்துக்கொண்டோம். அவுட் என்றால் "போச்சு". நான்கு பந்து தப்பாக வீசி அவனைச் சும்மா நடக்க விட்டால் "நடை". நம்மூர் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடித்தால் "கடல்", ஏனென்றால் நாம் பார்த்த அவனுடைய முதல் ஹோம் ரன் மதிலைத் தாண்டிப்போய் வளைகுடாத் தண்ணீரில் விழுந்தது. அவனுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது நான் லிவர்மோர் கோவிலுக்கு மலையைச் சுற்றி டிரைவ் பண்ணிப்போய் அர்ச்சனை செய்தேன். பெயர், நட்சத்திரம் என்று குருக்கள் கேட்டதற்கு தம்பி, திருவோணம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ உன் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாய். நீ அதைச் சர்ச் என்று சொல்லமாட்டாய், உங்கள் ஊர் வழக்கப்படி கோவில் என்றுதான் சொல்வாய். கோவிலுக்குப் போனேன், கோவில் மணி அடித்தது என்பாய். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். பிறகு வருகிறேன்.

பத்து வருடம் நமக்காக ஆடினான். "இது என் வீடு, நான் எங்கும் போகமாட்டேன்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்தக் குளிர்காலமே நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிற பெரிய அணிக்குப் போய்விட்டான்.

செய்தி வந்தபோது நாம் இந்தியன் க்ராசரி வாசலில் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். உன் கையில் கறிவேப்பிலைப் பை. போனைப் பார்த்துவிட்டு உன் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. "ஏட்டி, போயிட்டாம்ட்டி" என்றாய். பிறகு, நாற்பதைத் தொடப்போகிற பொம்பளை, நடு பார்க்கிங்கில், சுண்டுவிரலை நீட்டினாய். "இன்னையில இருந்து அவங்கூட நாம காய். அவன் ஆட்டத்தப் பாக்கக் கூடாது, அவனப் பத்தி படிக்கக் கூடாது. பழம் விடுததா இருந்தா நாம ரெண்டு பேரும் சேந்துதான் விடணும். தனியா விட்டா அது துரோகம்." துரோகம் என்பது உன் வார்த்தை. விரலை முதலில் நீட்டியவளும் நீதான். நான் என் சுண்டுவிரலை உன் விரலோடு கோத்தேன்.

நான் அதைக் காப்பாற்றினேன். இதை நீ நன்றாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பத்து வருடத்துக்கும் மேலாகக் காப்பாற்றினேன். அவன் முகம் டிவியில் வந்தால் என் வீட்டுக்காரர் சேனலை மாற்றிவிடுவார். வொர்க் பெர்மிட் வந்து நான் வேலைக்குப் போன பிறகு, ஆபீஸில் யாராவது அவன் பேச்சை எடுத்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன். அவன் சாம்பியன்ஷிப் வாங்கினான், நான் பார்க்கவில்லை. ஐநூறாவது ஹோம் ரன் அடித்தான், நான் பார்க்கவில்லை. ஒரு மனிதனின் நல்ல வருடங்கள் அத்தனையையும் நான் உனக்குக் கொடுத்த வார்த்தைக்காகத் தவறவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து உன் வீட்டுக்காரருக்கு நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்து நீங்கள் அங்கே போனீர்கள். அதன்பிறகு நமக்கு ஞாயிற்றுக்கிழமை போன். எனக்குக் காலை பத்தரை, உனக்கு மதியம் ஒன்றரை. கோடைக்காலத்தில் பாதி நாள் உன் பக்கம் ஒரே இரைச்சலாக இருக்கும். "பூசை முடிஞ்சு பாரிஷ் ஹால்ல சாப்பாடுட்டி, ஜனம் கத்துது" என்பாய். அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே நாம் அவனைத் திட்டுவோம். "அந்தத் துரோகி எக்கேடும் கெட்டுப் போகட்டும்" என்று நீ சொல்வாய். எனக்கு நெஞ்சுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இவள் ஒருத்தியாவது என் பக்கம் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு தோசையைத் திருப்பிப் போடுவேன்.

அட்டைகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். முதல் அட்டை, நீங்கள் நியூ ஜெர்சி போன அந்தக் கோடையிலேயே. வீட்டுச் சாமான் பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரித்திருக்கமாட்டாய். பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் தொடங்கும் நேரம் அச்சிலேயே இருக்கிறது: ஒன்று முப்பத்தைந்து.

ஆக, நீ உங்கள் நியூ ஜெர்சியிலிருந்து ஆற்றைத் தாண்டிப்போய் அவனுடைய ஸ்டேடியத்தில் உட்கார்ந்துகொண்டு, அவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, என்னோடு சேர்ந்து அவனைத் திட்டியிருக்கிறாய்.

ஜெனிக்குப் போன் பண்ணினேன். நான் தமிழில் கேட்க, அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "வெயிட், ஆன்ட்டி, யூ டிட்ன்ட் நோ? ஷீ செட் யூ ஆஸ்க்டு ஹர் டு." நான் கேட்டுக்கொண்டேனாம். ஆன்ட்டியால் அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாது, அதனால் அவளுக்காக நான் எழுதி வைக்கிறேன் என்று நீ வீட்டில் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் பெட்டியை எனக்கு அனுப்பினாளாம். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? "ஆமாம்மா, மறந்துட்டேன், தேங்க்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டேன். செத்த பிறகும் உன் பொய்க்கு என்னைச் சாட்சி சொல்ல வைத்தாயே.

போன வருடம் உன் கடைசி நாட்களில் நான் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன். உன் காலைப் பிடித்துவிட்டேன், உன் நெற்றியில் இதே தைலத்தைத் தேய்த்தேன். ஒரு மதியம் நர்ஸ் வந்து, உங்கள் ஆள் நேற்று அடித்தது தெரியுமா, டிவி போடட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நீ கண்ணை மூடிக்கொண்டு, "பக்கத்து ரூம்காரின்னு நினைச்சுட்டா போல. பாவம், அவளுக்கு வேல ஜாஸ்தி" என்றாய். மூச்சு வாங்குகிற நேரத்திலும் பொய் அவ்வளவு சுத்தமாக வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன, டியூபைப் பிடுங்கிவிட்டா போயிருப்பேன்? ரெண்டு திட்டு திட்டியிருப்பேன். பிறகு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, சொல்லு, எப்படி ஆடுகிறான் என்று கேட்டிருப்பேன். அதைக்கூடக் கேட்கவிடாமல் போய்விட்டாய்.

ஒரே ஒரு அட்டை மட்டும் எனக்குப் புரியவில்லை. அவனுடைய கட்டத்தில் "கடல்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய். அந்த ஸ்டேடியத்தைச் சுற்றிக் கடலும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் கடல்தான். அதன் கீழே பொடி எழுத்தில்: "அவளும் இருந்தா." எவள் என்று தெரியவில்லை. உன் கூட்டத்தில் புதிதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டாய் போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்து வயிறெரிந்தேன்.

இந்த வருடத்தோடு அவன் ஓய்வு. கடைசித் தொடர் எங்கே என்று நினைக்கிறாய்? நம் ஸ்டேடியத்தில். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, வார்த்தையைக் காப்பாற்ற எதிரில் ஆளே இல்லை, யாருக்காக இந்த விரதம் என்று ஆத்திரம் வந்தது. போன ஞாயிறு ரயிலேறிவிட்டேன். மேல்தட்டு, அதே பக்கம். மங்கி கேப் போட்டுக்கொண்டேன்.

ஊரே வந்திருந்தது. இத்தனை வருடம் அவன் இங்கே ஆட வரும்போதெல்லாம் ஊளையிட்ட ஜனம். என் பக்கத்தில் நம் வயதுப் பெண்மணி ஒருத்தி, அவனுடைய பழைய ஜெர்ஸியைப் போட்டிருந்தாள். முதுகில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அவன் அணி மாறிய வருடம் ஒட்டியதாம். "ஹெல்ப் மீ, ஹனி" என்று முதுகைக் காட்டினாள். நான்தான் உரித்துவிட்டேன். பாதி எழுத்துகள் டேப்போடு வந்துவிட்டன. அவள் அதற்கும் சிரித்தாள். எல்லாருக்கும் எவ்வளவு சீக்கிரம் மனசு இளகிவிடுகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் பெரிய திரையில் அவனுடைய இருபது வருடத்தை ஓட்டினார்கள். முதலில் நம் காலத்து ஒல்லிப் பையன். பிறகு நான் பார்க்காத வருடங்கள். ஐநூறாவது ஹோம் ரன்னைக் காட்டினார்கள். அடித்தான். ஒரு நொடி அமைதி. பிறகு ஜனம் வெடித்தது. அந்தச் சத்தத்தின் மேல் ஒரு மணி அடிக்கத் தொடங்கியது. டாண், டாண், டாண். அவன் போன அணியின் ஸ்டேடியத்தில் ஹோம் ரன் அடித்தால் அடிக்கிற பெரிய மணி அது என்று பக்கத்துப் பெண்மணி சொன்னாள்.

எனக்கு அந்த மணியைத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் நின்றேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாய். பிறகு ஒரே கூச்சல். பிறகு மணி. "என்னடீ இவ்ளோ சத்தம்?" என்றேன். உன் குரல் நடுங்கியது. "கோவில் மணிட்டி. மாதா தேர் வெளிய வருது. கேளு, நல்லாக் கேளு" என்று போனைத் தூக்கிப் பிடித்தாய். எனக்கு மெய் சிலிர்த்தது. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். "எனக்காகவும் வேண்டிக்கோடீ" என்றேன். "உனக்காகத்தான் வந்தேன்" என்றாய். நீ அழுகிறாய் என்று தெரிந்தது. பக்தி என்று நினைத்தேன்.

அந்தத் துரோகியின் ஐநூறாவது ஹோம் ரன்னுக்கு என்னைக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்தாயேடீ, பாவி.

அவளும் இருந்தா. அந்த "அவள்" யார் என்று அப்போதுதான் தெரிந்தது: போனில் இருந்த நான். திரையில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏன் அழுகிறேன் என்று பக்கத்துப் பெண்மணி கேட்கவில்லை. அங்கே பாதிப் பேர் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

அவன் கடைசியாக மட்டை பிடிக்க வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை. அவனுக்குத் தாடி நரைத்துவிட்டது. முழங்காலில் கட்டு. மூன்று முறை தரையில் தட்டினான். இரண்டாவது பந்தை உருட்டிவிட்டான், சொத்தை அடி, நேராக ஆள் கையில். எப்படியும் அவுட்தான். ஆனாலும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடினான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு.

"டேய் தம்பி, மட்டைய போடாதடா!"

எழுந்து நின்று கத்தியது நான்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிப்பதற்குத் தயாராக என் இடதுபக்கம் திரும்பினேன். அங்கே உரித்த டேப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி நின்றாள்.

வாசலில் வாங்கிய ஸ்கோர் அட்டையில் "போச்சு" என்று எழுதினேன். ஆட்டம் முடிந்ததும், சிந்திக் கிடந்த உருளைக்கிழங்கு வறுவலுக்காகக் கடற்பறவைகள் இறங்கின. அவன் மைதானத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் தொப்பியை ஆட்டினான். மேல்தட்டிலிருந்து இரண்டு விரலைச் சேர்த்து அவன் பக்கம் நீட்டினேன். பழம். தனியாகத்தான் விட்டேன், நீ செய்த மாதிரியே. ஒரு நாளைக்கே எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் அந்த இருக்கையில் நீ எப்படித்தான் உட்கார்ந்திருந்தாய்?

அந்தக் கடைசி அட்டையை உன் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பெட்டி என் அலமாரியில்தான் இருக்கும். ஜெனி கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

ஆனால் உன்னோடு பழம் கிடையாது. அதை மட்டும் கேட்காதே. எனக்கு ஐநூறாவதைக் கேட்கக் கொடுத்தாய், சரி. மீதி எல்லாவற்றையும் என்னிடமிருந்து மறைத்தாய். நீ பார்த்ததற்காகக்கூட இல்லை, என்னைக் கூப்பிடாததற்காக. ஒரு தடவை, வாட்டி என்று சொல்லியிருந்தால், அடுத்த விமானத்தில் வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை ஆனால் இப்போதும் போனை ஸ்பீக்கரில் போடக் கை போகிறது. போனை எடுப்பதில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம், கிழக்கே பார்த்து, சுண்டுவிரலை நீட்டுகிறேன். காய். பழம் விட்டுவிட்டால் நமக்குள் பேசித் தீர்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் விடமாட்டேன்.